வானம் தெளிந்த காலைகள்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல், நாயுடுபுரம். காலை ஐந்தரை மணிக்குப் புல்தரையில் உறைபனி படிந்திருந்தது. மணிமேகலையின் கணினி தொடங்கவில்லை.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறி சுழன்றது. நீல விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சில நொடிகளில் எல்லாம் தானாக அணைந்து, ஒரு பெருமூச்சு விடும் நேரத்தில் மறுபடி தானாக எழுந்தது. மறுபடி அணைந்தது. அவள் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். புதுக் கணினி. பழைய லேப்டாப் தீபாவளிக்கு முன் செத்துப்போனபோது, மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கும் ஞானவேல் மதுரையிலிருந்து பாகங்களை வரவழைத்து, இதே கூடத்தில், இதே மேசையின் மேல் வைத்துப் பூட்டிக் கொடுத்தது. கார்த்திகை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. மார்கழி பிறந்த பிறகுதான் இப்படி. அதுவும் எல்லா நாளும் இல்லை. சில காலைகளில் முதல் அழுத்தலிலேயே சமர்த்தாக எழுந்துகொள்ளும். அதனால்தான் அதன் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

ஆறு மணிக்கு வகுப்பு. டொராண்டோவில் அப்போது முந்தின நாள் மாலை ஏழரை. பள்ளிக்கூடமும் சாப்பாடும் முடித்த ஐந்து பிள்ளைகள் திரையில் ஐந்து கட்டங்களில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு அவள் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும். வேலை பார்த்த பள்ளிக்கூடம் கொரோனாக் காலத்தில் மூடியதோடு மூடிப்போன பிறகு, அவளை டீச்சர் என்று வகுப்பில் கூப்பிட அந்த ஐந்து பேர்தான் இருந்தார்கள். அவள் திரையில் தெரிந்ததும் ஆரன் என்ற பையன் வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போடுவான்: "அம்மா, டீச்சர் வந்திட்டா!" முதலில் அது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அதுதான் மரியாதை என்று அவன் அம்மா சொன்ன பிறகு, வகுப்பு தொடங்கும்போது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகினாள்.

அன்றைக்குக் கைபேசியில் நுழைந்து பார்த்தாள். அந்தக் கூடத்தில் சிக்னல் நிற்காது. பிள்ளைகளின் குரல் துண்டு துண்டாக வந்தது, எழுதிக் காட்டும் பலகை திறக்கவே இல்லை. சூரியன் ஜன்னலுக்கு வந்து, கணினி ஒன்றுமே நடக்காதது போல எழுந்தபோது வகுப்பு முடிந்திருந்தது. வகுப்பை நடத்தும் சென்னை அலுவலகத்திலிருந்து பத்து மணிக்கு மின்னஞ்சல் வந்தது. இது இரண்டாவது முறை, மூன்றாவது முறை தவறினால் வகுப்பு வேறு ஆசிரியருக்குப் போகும். கீழே பொங்கல் வாழ்த்து இருந்தது.

ஞானவேல் பதினொரு மணிக்கு வந்தான். அவன் விரல் பட்டதும் கணினி எழுந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? நான் வந்தா ஓடுது, நான் போனா நிக்குதுங்கிறீங்க."

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"அப்படிச் சொல்வேனா? மெமரி கார்டுல ஈரம் ஏறியிருக்கும், மூடுபனி உள்ள வருதுல்ல." கழற்றி, சட்டைப் பையிலிருந்த பள்ளிக்கூட ரப்பரால் அதன் மஞ்சள் பற்களைத் தேய்த்து ஊதினான். மறுபடி மாட்டினான். மறுபடி ஓடியது.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நான் ஒண்ணு கவனிச்சேன் ஞானவேல். முந்தின நாள் சாயங்காலம் வானம் தெளிஞ்சு கெடந்தா மறுநாள் காலையில ஓட மாட்டேங்குது. மேகம் மூடியிருந்தா ஓடுது."

ஞானவேல் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. "கம்ப்யூட்டருக்கும் ஜாதகம் பாக்கணும்போல டீச்சர். வீட்டுக்குக் கொண்டுபோயி ரெண்டு நாள் ஓட விட்டுப் பாக்குறேன். எதா இருந்தாலும் மாட்டிக்கும்."

பெட்டியைக் கம்பளியில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு பண்ணைக்காட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனான். மேசையில் அது இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அவள் துடைத்தாள்.

அன்று மாலை திருமலைச்சாமி கூப்பிட்டார். அவள் கணவர். பழனி அடிவாரத்தில் அண்ணனோடு சேர்ந்து பக்தர்களுக்கு அறை விடும் லாட்ஜ் நடத்துகிறார். அவருக்கு மலைக்குளிர் நெஞ்சில் கட்டும், அவளுக்கு அந்த லாட்ஜின் சத்தம் ஆகாது. சண்டை என்று எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் இருந்தவரை, வேலை இருக்கிறது என்ற ஒரு பேச்சு இருந்தது. பிறகும் அப்படியே நடந்தது. தைப்பூசக் கூட்டம் தொடங்கிவிட்டதால் அவருக்குப் பின்னால் யாரோ வாளி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் என்னாச்சு?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"எல்லாத்தையும் கட்டிக்கிட்டு இங்க வந்துருன்னா கேக்கவா செய்ற? இந்தச் சூட்டுல எந்த மெஷினும் ஓடும். மாடி ரூம்பு சும்மாதான் கெடக்கு."

"இங்க என் சோலி கெடக்குங்க."

"என்ன சோலி, அஞ்சு புள்ளைங்க. அதை இங்கேருந்து பாக்க முடியாதா?"

முடியும். அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அங்கே போனால் அந்த வகுப்பு, லாட்ஜின் மாடி அறையில், வாளிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் செய்யும் பொழுதுபோக்காகிவிடும். இங்கே அது அவளுடைய வேலை. அது இருக்கும்வரை அவள் மலையில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வியாழன் மாலை கணினி திரும்பி வந்தது. "எங்க வீட்டுல ராவும் பகலும் குதிரையா ஓடுச்சு டீச்சர். அணைச்சு அணைச்சுப் போட்டேன், ஒரு தடவகூட நிக்கல" என்றான் ஞானவேல். வெள்ளிக்கிழமை மேகம் இறங்கிக் கிடந்தது. கணினி எழுந்தது. ஆரன் சத்தம் போட்டான். செவ்வாயன்று ஆளுக்கொரு பொங்கல் பானை வரைந்து, அதன் பாகங்களுக்குப் பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

சனியும் ஞாயிறும் வானம் கண்ணாடி போல இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தாள். இரண்டு நாளும் எழவில்லை. ஞாயிறு காலை ஞானவேலைக் கூப்பிட்டபோது அவன் மனைவி புவனா எடுத்தாள்.

"அவரு குளிக்கிறாரு. மறுபடியும் டீச்சரா? கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லையா, இல்ல உங்களுக்காங்க?"

"என்னம்மா சொல்ற?"

"இல்ல, இங்க இருந்தா நல்லா இருக்கு, அங்க வந்தா சீக்காயிருதே. தனியா இருந்தா அப்படித்தான். எங்க சின்னம்மாவும் வாரத்துக்கு ஒருக்கா டிவி ரிப்பேருன்னு ஆளக் கூப்பிடும். ஆளு வந்தா காபி போட்டுக் குடுத்து ஒக்கார வச்சிக்கும்."

மணிமேகலை கைபேசியை வைத்துவிட்டாள். ஞானவேல் வந்த ஒவ்வொரு முறையும் தான் காபி போட்டது நினைவுக்கு வந்தது. முதல் தடவை வெறும் காபி. போன தடவை முறுக்கும் வைத்திருந்தாள். அவன் டம்ளரைக் கீழே வைக்கும்வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ன பேசினோம் என்று யோசித்தாள். குரங்கு, தண்ணீர் வரும் நேரம், அவன் மகளின் கணக்குப் பாடம். பொய் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அவன் வந்தபோது கணினி உடனே ஓடியதில், கோபத்தோடு கொஞ்சம் வேறு எதுவும் இருந்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை சின்னக் குக்கரில் பொங்கல் வைத்து, படம் எடுத்துத் திருமலைச்சாமிக்கு அனுப்பினாள். அவர் கட்டைவிரல் குறியை அனுப்பினார்.

செவ்வாய், மாட்டுப் பொங்கல். ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது வானத்தில் நட்சத்திரங்கள் நெருக்கமாகத் தெரிந்தன. பிளக்கை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது, அணைந்தது, சுழன்றது. இந்த முறை அவள் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஞானவேலைக் கூப்பிட்டாள். பொங்கலுக்கு அவன் குடும்பத்தோடு பக்கத்துத் தெருவில் அக்கா வீட்டுக்கு வந்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"இப்ப வந்து பாரு ஞானவேல். புவனாவையும் கூட்டிக்கிட்டு வா."

வந்தார்கள். ஞானவேல் குல்லாய்க்கு மேல் துண்டைக் கட்டியிருந்தான். புவனா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தூக்கம் கலையாத முகத்தோடு கதவோரம் நின்றாள். கணினி அவர்கள் கண்ணெதிரே எழுந்து, அணைந்து, எழுந்து, அணைந்தது. ஞானவேல் ரப்பரை எடுத்தான். தேய்த்தான். பயனில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி உள்ளே கையை விட்டவன், சட்டென்று கையை எடுத்து உதறினான்.

"யாத்தே, ஐஸ் மாதிரி கெடக்கு."

"ராத்திரி பூரா பிளக்கப் பிடுங்கித்தானே போட்டிருப்பீங்க?" என்றாள் புவனா.

"ஆமா. எல்லாருந்தானே பிடுங்குவோம்?" என்றாள் மணிமேகலை.

எல்லோரும்தான். மலையில் ஐப்பசி இடிக்கு டிவி, மிக்சி, மோட்டார் என்று எதையாவது பறிகொடுக்காத வீடு இல்லை. இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பார்கள். இடி கார்த்திகையோடு போய்விடும். பிடுங்கும் பழக்கம் போகாது. அதனால்தான் ஞானவேல் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை, அவளும் சொல்லவில்லை.

"நம்ம வீட்டுல நீங்க பிடுங்கவே இல்ல" என்றாள் புவனா புருஷனிடம். "டெஸ்டு டெஸ்டுன்னு ராவெல்லாம் எரிய விட்டீங்க. கரண்டு பில்லுக்கு நான் கத்துனேன்ல."

ஞானவேல் தலையில் கை வைத்துக்கொண்டான். "பவர் சப்ளை டீச்சர். பிளக்குல கெடந்து சூட்டோட இருந்தா ஓடும். ராவெல்லாம் குளிர்ல கெடந்து வெறச்சுப் போயிட்டா மூச்சு பத்தாது. நீங்க சொன்னது சரிதான். வானம் தெளிஞ்சாத்தானே பனி விழும்."

"மாத்த முடியுமா?"

"கடைச் சாவி பண்ணைக்காட்டுல கெடக்கு."

மணி ஆறு ஆகியிருந்தது. ஞானவேல் கணினிக்குள்ளிருந்து பவர் சப்ளையின் சின்னச் சதுரப் பெட்டியை மட்டும் கழற்றி வெளியே எடுத்தான். அடுப்பில் காட்டலாமா என்றாள் மணிமேகலை. வேண்டாம், உருகிவிடும் என்றான். புவனா அதை அவன் கையிலிருந்து வாங்கி, இரண்டு ஸ்வெட்டருக்கும் நடுவில் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிரில் ஒரு கணம் முகம் சுருங்கியது.

"எம் புள்ளையக்கூட இப்படி வச்சுக்கிட்டதில்ல."

ஞானவேல் சிரித்தான். மணிமேகலை காபி போட்டாள். டம்ளரைப் புவனாவிடம் நீட்டியபோது, அவள் ஒரு கையை ஸ்வெட்டருக்குள் இருந்து எடுத்து வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன் டீச்சர், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். மணிமேகலை தலையசைத்தாள். கண் கடிகாரத்தில் இருந்தது.

ஆறேகால் தாண்டி, பெட்டியை மறுபடி பூட்டினார்கள். முதல் அழுத்தலிலேயே திரை வெளுத்தது.

வகுப்புக்குள் நுழைய அவள் கேட்ட அனுமதியை யாரோ உள்ளிருந்து கொடுத்தார்கள். ஐந்து கட்டங்களுக்குப் பதில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஆறாவதில் காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளம்பெண். அடியில் ரோகிணி என்ற பெயர். பலகையில் ஒரு பானை வரையப்பட்டு, கழுத்து, வாய் என்று பாதி எழுதியிருந்தது.

"டீச்சர் வந்திட்டா!" என்று ஆரன் கத்தினான். ஒரு பெண் தன் பானையைக் காகிதத்தோடு தூக்கிக் காட்டினாள். மஞ்சள் கொத்துக்கு ஊதா வண்ணம் அடித்திருந்தாள்.

"வணக்கம் மேடம்" என்றாள் ரோகிணி. "ஆறு மணிக்கு நீங்க வரலைன்னதும் என்னைக் கூப்பிட்டாங்க. இனிமே இந்த பேட்ச் என்கிட்டன்னு சொன்னாங்க. உங்களுக்கு மெயில் வந்திருக்கும். நீங்க இருக்கணும்னா இருங்க, மைக் மட்டும் ஆஃப்ல இருக்கட்டும்."

மணிமேகலை மைக்கை அணைத்தாள். ஞானவேலும் புவனாவும் சொல்லிக்கொள்ளாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அவள் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ரோகிணி நன்றாகவே நடத்தினாள். பானையின் அடிக்குப் பிள்ளைகளைத் தூர் என்று எழுதச் சொன்னபோது, மணிமேகலையும் மேசையில் கிடந்த காகிதத்தில் எழுதினாள்.

வியாழக்கிழமை ஞானவேல் புது பவர் சப்ளை மாட்டினான். அதன் பிறகு கணினி ஒரு காலையிலும் நிற்கவில்லை.