மூன்றாவது காஜா

ஆணியில் தொங்கிய டீ-சர்ட்டின் பட்டன் துளைகளை இன்னொரு தடவை எண்ணினேன். அதில் மூன்று காஜா. இந்த ஆர்டருக்கு இரண்டு போதும் என்று மெயில் வந்து பத்து நாளாகிறது. இரண்டு காஜா போட்ட புதிய சாம்பிள் என் மேஜை டிராயரில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. மிஷினுக்கு மேலே ஆணியில் எந்தப் பீஸ் தொங்குகிறதோ அதுதான் சட்டம். அதை மாற்றி மாட்டுவது மெர்ச்சண்டைசரான என் வேலை. நான் மறந்துவிட்டேன். காஜா மிஷினில் உட்காரும் சாரதாமணி அக்கா ஆணியைப் பார்த்து, நானூற்று எண்பது பீஸில் பட்டன் நுழைய மும்மூன்று துளை போட்டு முடித்திருந்தார். தையல் என்றால் பிரித்துவிடலாம். காஜா மிஷின் தைத்த கையோடு துணியையும் வெட்டிவிடும். ஆர்டர் கொடுத்த போர்ச்சுகல் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் தெரசா பதினோரு மணிக்குச் சரக்கைப் பார்க்க வருகிறார்.

முதலாளி சிவராஜுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க, பதினோரு வருசமா இங்க இருக்கறீங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசந் தெரியலீங்களா? நாளையிலிருந்து பிசிர் வெட்டப் போயிருங்க."

பிசிர் வெட்டுவது என்றால் நாள் முழுக்க நின்றபடி நூல் நுனிகளைக் கத்தரிப்பது. அக்கா அங்கே ஆறு வருடம் நின்று, முட்டியைக் கெடுத்துக்கொண்டு, அப்புறம்தான் இந்த ஸ்டூலுக்கு வந்தவர். அவர் ஆணியை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

புதிய சாம்பிள் என்னிடம் இருப்பதை நான் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஏற்கெனவே ஒரு லேபிளைத் தலைகீழாக ஓகே செய்து கெட்ட பேர் வாங்கியவள். இன்னொன்று என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா ஸ்டூலுக்கு அடியிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டியபோது எனக்கே என்னைப் பார்க்க அசிங்கமாக இருந்தது. டிராயரைத் திறந்து சாம்பிளைக் கொண்டுவந்தேன்.

"சார், இது எங்கிட்டதான் இருந்துச்சுங்க. மாத்தி மாட்ட மறந்துட்டேன். அக்கா மேல தப்பில்லீங்க."

சிவராஜ் அதை வாங்கக்கூட இல்லை. "அதையே அந்தத் தெரசாம்மாகிட்டயும் சொல்லிருங்க கீதாஞ்சலி," என்றார். அப்புறம் அக்காவிடம், "பையை வைங்க," என்றார்.

தெரசாவிடம் சொன்னேன். என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் திட்டவில்லை. பீஸைப் பொம்மைக்கு மாட்டி, மூன்றாவது துளையில் குண்டூசி குத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் ஊரில் இன்னும் விடியவில்லை, ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

காத்திருக்கும்போது மனிதர்கள் எதையாவது பேசுவார்கள். இதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வீர்கள் என்று துளையைக் காட்டிக் கேட்டார். காஜா என்றேன். அவர் கண்கள் விரிந்தன. அவர்கள் பாஷையில் அது 'காஸா'வாம். காஸா என்றால் வீடு. பட்டன் துளைக்கும் அதே பெயர்தான். போனில் தேடினேன். போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்து, இந்தியில் காஜ் ஆகி, தையல்காரர் வாயில் காஜா ஆகியிருக்கிறது. பக்கத்தில் செக்கிங் செய்துகொண்டிருந்த ஒடியாக்காரப் பெண் சுமித்ரா, அவள் ஊரில் காஜா என்றால் பூரி ஊர்க் கோயில் பிரசாதம், தின்கிற இனிப்பு என்றாள். அது சமஸ்கிருத வழி. பேக்கிங் காஜா மைதீன் அண்ணன் விடுவாரா? தன் பெயர் பாரசீகம், அர்த்தம் பெரிய மனுசன் என்று சொல்லிவிட்டு டேப் ஒட்டப் போனார்.

அக்காவிடம் நான் காஸா என்றால் வீடு என்பதைச் சொன்னேன்.

"பட்டன் ஓட்டையப் போயி ஊடுங்கறாங்களா கண்ணு?" மிஷின் மேல் படிந்த பஞ்சைத் துடைத்தார். "அப்ப நானு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ஊடு கட்டறனாட்ட இருக்குது. இன்னும் வாடகை ஊட்டுலதான் கெடக்கறன்."

தெரசா என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டரை மணிக்கு அவர் போன் அதிர்ந்தது. படித்தார். மூன்றாவது பட்டன் போட்டால் காலர் நன்றாக நிற்கிறதாம். இந்த நானூற்று எண்பது மட்டும் இருக்கட்டும், மீதியெல்லாம் இரண்டு. ஆர்டர் முதலில் மூன்றாக இருந்ததால் பட்டன் ஏற்கெனவே வாங்கி ஸ்டோரில் இருந்தது. நான் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவராஜ், "டீ சொல்லுங்க," என்றார். ஒரே ஒரு 'ங்க'. உயிர் வந்தது.

சுமித்ரா பையிலிருந்து ஊர்க் காஜாவை எடுத்துக் கொடுத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத அக்கா, துணியில் துகள் விழாமல் தலையைத் தள்ளி வைத்துத் தின்றார். நான் பழைய பீஸைக் கழற்றிப் புதியதை ஆணியில் மாட்டினேன்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆணியிலிருந்த பீஸில் விரலை வைத்தார்.

"ஒண்ணு. ரெண்டு."

விரல் இன்னும் கீழே இறங்கி, வெட்டாத துணியைத் தடவிப் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து மிஷினை மிதித்தார்.