அடுப்புக்குப் போன சீட்டுகள்

ஜெர்மன் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் தோற்றால், ஜெர்மனியில் எனக்காக வைத்திருக்கும் நர்ஸ் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் அங்கமாலியில் எங்கள் வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினேன். கதவு, அரிவாள்மணை, மீன்சட்டி எல்லாவற்றின் மேலும் அதனதன் ஜெர்மன் பெயர்.

நாங்கள் அச்சன் என்று அழைக்கும் பாதிரியார், ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்க வரவிருந்த அன்று, வேலை முடிந்து திரும்பினேன். ஒரு சீட்டும் இல்லை.

"எங்கம்மா எல்லாம்?"

"அடுப்புல," என்றார் மாமியார் த்ரேசியம்மா. "திருஇருதயப் படத்து விளக்கைக்கூட நீ விடல ஜோஸ்மி! அச்சன் வந்து ஜெபம் சொல்வாரா, ஜெர்மன் படிப்பாரா?"

மூன்று நாள் நான் பேசவில்லை. எனக்கு மௌனம் எளிது, அவருக்கு இல்லை. நான்காம் நாள் மீன்சட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு என்னடி பேரு?"

வரவில்லை. மூன்று மாதமாகத் தினமும் பார்த்த சொல். அத்தனை நாளும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட நினைவிலிருந்து எடுத்ததில்லை.

"தெரியலியா? சாப்பிட்டப்புறம் திரும்பக் கேப்பேன்."

கேட்டார். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கேட்டார். அவருக்கு ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஜெபமாலையில் யார் ஒரு வார்த்தையை விழுங்கினாலும் கண்டுபிடிக்கிற காது அது.

"நேத்து வேற மாதிரி சொன்னே. ஏமாத்தாதே."

சில நாள் நோயாளியாக வந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, முட்டி வலிக்குது. விசாரிடி."

ஜெர்மனில் விசாரித்தேன்.

"நீ கேட்டது ஒண்ணும் புரியல. ஆனா நடுவுல முழிச்சே பாரு, அது புரிஞ்சுது."

கொச்சியில் தேர்வன்று பாதியில் ஒரு சொல் காணாமல் போனது. வீட்டில் சீட்டு இருந்தபோது, இப்படி மறந்தால் கண் சீட்டைத்தான் தேடும். இம்முறை காத்திருந்தேன். தூக்கிப் பிடித்த மீன்சட்டியும் அதன் பின்னால் என்னை விடாத மாமியாரின் முகமும் தெரிந்தன. சொல் வந்தது.

"பாஸ் ஆயிட்டேன்மா."

"பின்னே? அச்சன் மந்திரிச்ச வீடு."



புறப்படும் நாளில் பெட்டி அடுக்கும்போது, என் கம்பளிச் சட்டையை உயர்த்திக் காட்டினார். ஜெர்மன் பெயரைச் சொன்னேன். அவர் தலையசைத்த பிறகுதான் வாங்கி மடித்து வைத்தேன்.