பூட்டிவைத்த கையுறைகள்

பால் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆயா நிமிர்ந்தபோது, சுண்டெலி தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்து எழுந்து நின்றான். பல் முளைக்கும் வயசு. கட்டில் கம்பி, செருப்பு, பக்கத்துக் குழந்தையின் காது, எது கிடைத்தாலும் ஒரு கடி. குழந்தைகள் காப்பகத்தில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

"வாடா திருட்டுப் பயலே" என்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஈறு வீங்கி அழும் குழந்தைகளுக்கு விரலால் தேய்த்துவிடுவது அவள் வழக்கம். சுட்டுவிரலை அவன் வாய்க்குள் வைத்தாள். நறுக்கென்று கடித்தான்.

விரலை உருவிப் பார்த்தாள். காலையில் பழம் நறுக்கும்போது பட்ட காயம் திறந்துகொண்டு ரத்தம் வந்தது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாட்டில் கழுவிய தண்ணீரில் எப்போதோ கழன்று போயிருந்தது. சுண்டெலியின் புதுப் பற்களிலும் அதே சிவப்பு. அவன் சிரித்தான்.

குழாயடிக்கு ஓடி அவன் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அவள் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் கிருமி இருக்கிறது. மகள் வயிற்றில் இருந்தபோது செய்த பரிசோதனையில் தெரிந்தது. "ஒரே தட்டுல சாப்பிடலாம், தூக்கிக் கொஞ்சலாம், ஒட்டாது. ரத்தம் மட்டும் யார் மேலயும் படாம பாத்துக்கோங்க. வேலைக்குத் தாராளமா போங்க" என்றார் டாக்டர். போனாள். சேரும்போது யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லாத குற்றத்துக்கு ஈடாகக் கவனமாக இருந்தாள். காலையில்கூடக் காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் கையுறை கேட்டாள். கையுறைப் பெட்டி பூட்டிக் கிடந்த அலமாரி திறக்கவில்லை. "அது ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்ட வச்சிருக்கு. ஒரு கீறலுக்குக் கையுறையா? பிளாஸ்திரி ஒட்டிக்க."

சரி, மேடம் தரவில்லை. விரலைக் கொடுத்தது யார்? அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சமையல்கார அக்காவுக்கு மட்டும்தான் அவள் நோய் தெரியும்.

"வாயைத் திறந்துடாத" என்றாள் அக்கா. "இந்த வேலை போனா உன் வீட்டு அடுப்பு எரியுமா?"

"அவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கோ இல்லையோ, எனக்குத் தெரியாதேக்கா. போடலேன்னா உடனே போட்டாகணும்."

"எல்லாப் புள்ளைக்கும் போட்டிருப்பாங்கடி."

"இருப்பாங்கன்னு சொன்னா ஆச்சா?"

அக்கா ஏற்கெனவே துடைத்த கரண்டியை மறுபடி துடைத்தாள்.

சாயங்காலம் சுண்டெலியின் அம்மா வந்ததும் ஆயா வாசலிலேயே சொல்லிவிட்டாள். நோயைச் சொன்னாள், விரலைச் சொன்னாள். "இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா."

அந்தப் பெண் குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "தெரிஞ்சேவா என் புள்ளையத் தூக்கிட்டிருந்த?"

சுண்டெலி ஆயாவிடம் வரக் கையை நீட்டி அழுதான்.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டாள். "டாக்டர் பாத்துட்டாராம். தடுப்பூசி எல்லாம் ஒழுங்கா போட்டிருக்கு, ஒரு பயமும் இல்லைன்னாராம்."

ஆயா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். அழுகைகூட வந்தது.

"ஆனா நீ இனிமே வர வேணாம். மத்தவங்க காதுக்குப் போச்சுன்னா ஒருத்தரும் புள்ளைய விடமாட்டாங்க."

ஆயா தன் பையை எடுத்துக்கொண்டு, தான் அங்கே வைத்துப் புழங்கிய தம்ளரையும் தட்டையும் எடுக்க அடுக்களைப் பக்கம் போனாள்.

"அதைத் தொடாத!" மேடம் இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, கையுறைப் பெட்டியை எடுத்துச் சமையல்கார அக்காவிடம் நீட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டு, அவ தம்ளரையும் தட்டையும் குப்பையில போடு."

அக்கா தலை நிமிரவில்லை. எடுக்காமலே கிடந்ததில் கையுறையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. அவள் ஒவ்வொன்றாக ஊதிப் பிரித்தாள்.