கருகிய தூசி

அப்பாவைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்த சோல்வி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அறை அறையாகப் போய் ஹீட்டரைத் திருகினாள். அடக்கத்துக்குப் பிந்தைய காப்பிக்கு முப்பது பேர் வருவார்கள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. துக்கத்துக்கு வந்தவர்கள் கோட்டோடு உட்கார்ந்தால் நார்வேயின் இந்தச் சின்ன டின்செட் ஊர் முழுக்கப் பேசும். சோல்விக்கு ஊர்ப் பேச்சென்றால் பயம்.

பத்து நிமிடத்தில் அப்பாவின் படுக்கையறையான பின்னறையிலிருந்து தூசி கருகும் வாசம் கிளம்பியது. மாடியிலும் அதே வாசம். கோடை முழுக்க அணைந்து கிடந்த ஹீட்டரை அக்டோபரில் முதல்முறை போடும்போது வருமே, அதுதான். ஆனால் இது பிப்ரவரி.

சமையலறையில் மட்டும் வாசம் இல்லை. அங்கே பெஞ்சில் அப்பாவின் போர்வைகளும் கம்பளித் தொப்பியும் கிடந்தன. போன வாரம் அந்தப் பெஞ்சில்தான் தூக்கத்திலேயே போனார். ஞாயிறுதோறும் போனில், "இங்க கதகதன்னு இருக்கும்மா" என்பார். அவளும் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்தாள். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், இந்த வாசத்தை எதில் மறைப்பது?

"என்னக்கா, ஊருக்கே ஹீட்டர் போடறீங்களா?" என்றபடி எஸ்கில் வந்தான். பக்கத்துப் பண்ணைக்காரர் மகன். அவனும், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி தூராவும் அப்பா போன பிறகு இந்த வீட்டை வாங்குவதாகப் பேச்சு.

மற்றவர்களும் வந்து கூடம் நிறைந்தது. எஸ்கில் கேக்கைத் தின்றுவிட்டுத் தயங்கினான்.

"இன்னிக்குப் பேசக் கூடாதுதான். நாளைக்கு பேங்க்ல பதில் சொல்லணும். நீங்க அனுப்பின கரண்ட் பில்லைப் பார்த்தோம். இவ்ளோ பெரிய வீட்டுக்கு வருஷம் ஒன்பதாயிரம் யூனிட்தானா? எங்க ரெண்டு ரூம் வாடகை வீடே அதைவிட ஜாஸ்தி தின்னுதே."

"சுவரெல்லாம் குளிர் ஏறாம நல்லா பஞ்சு அடைச்சு கட்டியிருப்பாரு" என்றாள் தூரா. "அந்த பில்லை நம்பித்தான் நீங்க சொன்ன விலைக்குச் சரின்னோம். குழந்தைக்குப் பின்னறை."

பில்லை அனுப்பும்போது சோல்வி பெருமைகூடப் பட்டிருந்தாள். இப்போது தலையை ஆட்டினால் போதும். செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

தூரா பின்னறை வாசல்வரை போய் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். இந்த ஊரில் பிறந்தவள், அந்த வாசம் அவளுக்குத் தெரியும். திரும்பிச் சோல்வியைப் பார்த்தாள்.

"அது வீட்டு பில் இல்லம்மா" என்றாள் சோல்வி. "சமையலறை பில். மத்த ரூம்ல இந்தக் குளிர்காலம் பூரா ஹீட்டரே போடல. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமோ. அப்பா குளிர்ல கிடந்திருக்காரு."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சோல்வி நிறுத்தவில்லை.

"இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிடலாம். ஆனா நவம்பர்ல வந்தப்பவே தொப்பியோட பெஞ்சுல படுத்திருந்தாரு. பார்த்தேன். ஏன்னு கேக்கல. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எல்லா ரூம்லயும் ஹீட்டர் போட்டா எவ்ளோ வரும்?" எஸ்கிலின் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா இருந்தப்ப மூணு மடங்கு வந்துச்சு."

"அப்ப எங்களால முடியாதுக்கா."

"தெரியும்."

போகும்போது தூரா பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு சோல்வி ஹீட்டர்களை அணைக்கக் கிளம்பினாள். மாடியில் அணைத்தாள், கூடத்தில் அணைத்தாள். பின்னறையில் வாசம் போயிருந்தது. அறை நன்றாகச் சூடேறியிருந்தது. ஹீட்டர் திருகில் வைத்த கையை, அணைக்காமலே எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பெஞ்சிலிருந்த போர்வைகளைக் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலில் விரித்தாள். தொப்பியைத் தலையணைமேல் வைத்தாள். பிறகு, இந்தச் சூட்டுக்குத் தொப்பி வேண்டாமென்று அதை எடுத்து ஆணியில் மாட்டினாள்.