ஆடாமல் நிற்பது

நாய்க்கு முடி வெட்ட வருவாயா என்று மிஸ்ஸியம்மா கேட்டபோது நான் சரி என்றேன். அந்த நாளில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யானைக்குச் சவரம் செய்ய வருவாயா என்று கேட்டிருந்தாலும் கத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

முப்பத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். அதற்கு முந்திய ஐப்பசியில் என் மனைவி அம்சவள்ளி வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தாள். காலையில் படுத்தவள் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டாள். விழுப்புரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. பிரசவம் பார்ப்பதில் அவளுக்கு அவ்வளவு பேர். ஊரில் சாவு விழுந்தால் காரியத்துக்குத் தலை மழிக்கிறவன் நான். என் தலையை மழிக்க விக்கிரவாண்டியிலிருந்து ஒருவன் வந்தான். அவன் கத்தி சரியில்லை, இரண்டு இடத்தில் கீறிவிட்டான். எனக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், பாஞ்சாலி. ஆறு வயது. நோய் வருவதற்கு முந்திய நாள் அம்சவள்ளி அவளுக்கு எண்ணெய் வைத்து வாரி, ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியில் சிவப்பு நாடா கட்டிவிட்டிருந்தாள். அந்தப் பின்னலை அவிழ்க்கப் பாஞ்சாலி யாரையும் விடவில்லை. கையைக் கொண்டுபோனால் கடித்தாள். ஒரு மாதத்தில் பின்னல் சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது. பேன் வேறு. "தீமிதியில பாஞ்சாலி அம்மன் கூந்தல முடியமாட்டேன்னு நின்னா, சின்னக்கண்ணு பெத்தது அவுக்கமாட்டேன்னு நிக்குது" என்று கடைக்கு வருகிறவர்கள் என் பேரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஊர்த் தலையையெல்லாம் ஒழுங்கு செய்கிறவன் வீட்டில் இப்படி ஒரு தலை. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தாய்க்காக அவள் அழவுமில்லை. நானும் அழவில்லை. இருவரும் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம்.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீரம்மாள், முப்பதாம் நாள் கும்பிட வந்தபோது ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

"பொம்பளப் புள்ளய நீ எப்படிடா ஒண்டியா வளப்ப? தை பொறந்ததும் வந்து இட்டுக்கினு போறேன். எங்கூடவே இருந்துட்டுப் போவட்டும். அதுக்குள்ள இந்தத் தலைய ஒரு வழி பண்ணி வை. இல்லாங்காட்டி உன் மாமா மொட்டை போட்டுடுவாரு."

"சரிக்கா" என்றேன்.

பாஞ்சாலி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

அந்த வாரத்தில்தான் நாய் விஷயம் வந்தது. மிஸ்ஸியம்மா என்பது ரயில்வே காலனியில் இருந்த டிரைவர் துரையின் சம்சாரம். சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவாள். துரைக்கு முடி வெட்ட நான் மாதம் ஒருமுறை போவது வழக்கம். பெங்களூரில் இருக்கிற தன் அக்காவுக்கென்று அவள் ஒரு நாய்க்குட்டி வாங்கி வைத்திருந்தாள். வெள்ளைவெளேரென்று, கண் எங்கே வாய் எங்கே என்று தெரியாத அளவுக்கு முடி. அந்த முடிக்குள் நெருஞ்சி முள்ளும் உண்ணியும்.

"எங்கக்கா ரொம்ப ஸ்டிரிக்ட், மேன். வெட்டறப்ப ஆடாம நிக்கணும். ஆடுற நாய் வேணவே வேணாங்கிறா. இது பட்லர் கையைக் கடிச்சிடுச்சு. நீ பழக்கிக் குடு. பொங்கல் முடிஞ்சதும் அனுப்பணும்."

"சரிங்கம்மா."

வீட்டில் தனியாக விட ஆளில்லாததால் பாஞ்சாலியையும் கூட்டிக்கொண்டு போனேன். நாயைப் பார்த்ததும் அவள் அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்தாள். மிஸ்ஸியம்மா வைத்த இங்கிலீஷ் பேர் எனக்கு வாயில் நுழையவில்லை. நானும் பஞ்சு என்றே கூப்பிட்டேன்.

முதல் நாள் பெரிய தப்புச் செய்தேன். குழந்தைகளுக்கு முதல் மொட்டை போட எங்களிடம் ஒரு வழி உண்டு. முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டியது. அது வீறிட்டு மூச்சை இழுத்து மறுபடி வீறிடுவதற்குள் பாதித் தலை முடிந்துவிடும். பஞ்சுவையும் அப்படியே இடுக்கினேன். அது என் கட்டைவிரலில் பல்லைப் பதித்து, வேட்டியை நனைத்து, கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. மிஸ்ஸியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நான் குனிந்து கட்டிலடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பாஞ்சாலி, வெகு நாளைக்குப் பிறகு, தானாக என்னிடம் ஒரு வார்த்தை பேசினாள்.

"கைய எடு நைனா. அது பயந்துக்கினு இருக்குது."

அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு துண்டு பிஸ்கோத்து வைத்தாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. நானும் வேறு வேலை இல்லாததால் அப்படியே உட்கார்ந்தேன். அரை மணி கழித்து ஒரு ஈர மூக்கு வந்து பிஸ்கோத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

பிறகு அவசரப்படவில்லை. தினமும் மதியத்தில் கடையைச் சாத்திவிட்டுப் போவேன். சீப்பைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். பஞ்சு அதை மோந்து, நக்கி, கடித்துப் பார்த்து அலுத்துப் போகும். கத்திரியைத் தூரத்தில் இருந்து காற்றில் 'கிச் கிச்' என்று வெட்டுவேன். ஒவ்வொரு கிச்சுக்கும் பாஞ்சாலி ஒரு துணுக்கு பிஸ்கோத்து போடுவாள். மூடின கத்திரியால் முதுகைத் தொட்டேன். இரண்டு நாள் அவ்வளவுதான். அப்புறம் ஒரு பிடி முடி. அப்புறம் இன்னொரு பிடி. போதும் என்று அது உறுமுவதற்கு முன்னால் நானே போதும் என்று நிறுத்திவிடுவேன். முதுகு, கால், பிறகு காது, கடைசியாகக் கண்ணைச் சுற்றி. இப்படி மார்கழி முழுவதும் போயிற்று.

ஸ்டேஷன் குமாஸ்தா கிருஷ்ணசாமி என் கடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டார். "நாய்க்கு வெட்டுற கத்திரி வேற, இது வேறதானப்பா?"

"வேறதாங்க. அது கொஞ்சம் நல்ல கத்திரி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேடிக்கையாகச் சொன்னேனா, உள்ளதைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. வாய் தானாகப் பேசும், கை தானாக வெட்டும். நான் எங்கேயோ இருந்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், காலனியிலிருந்து திரும்பி வருகிற வழியில், பாஞ்சாலி காதோரம் பறட் பறட்டென்று சொறிந்தாள். நின்றேன். கையை நீட்டிக்கொண்டு, அவள் பார்க்கும்படி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அவள் கடிக்கவில்லை. காதுக்கு மேலே இரண்டு பேன் எடுத்தேன். பின்னலைத் தொடவில்லை. அவள் போதும் என்பதற்குள் நிறுத்திவிட்டேன். வீட்டில் போய் யோசித்தபோதுதான், நாயிடம் செய்ததையே இவளிடமும் செய்கிறேன் என்று புரிந்தது. அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அக்கா வருவதற்குள் தலை சரியாகிவிடும், மொட்டை போட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் பஞ்சுவைப் பெங்களூருக்கு அனுப்பக் காட்பாடி வண்டியில் ஏற்றினார்கள். காலையில் நான்தான் கடைசியாக வெட்டிவிட்டேன். ஒரு கால் தூக்கச் சொன்னால் தூக்கிற்று, முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டிற்று. கண் இரண்டும் கறுப்பாக, பெரிதாக இருந்தன. மிஸ்ஸியம்மா எனக்குக் கை கொடுத்தாள். பிரம்புக் கூடைக்குள் வைத்து மூடி, ரயில் கார்டின் பெட்டியில் வைத்தார்கள். பஞ்சு குரைக்கவில்லை. கூடை இடுக்கு வழியாகப் பாஞ்சாலியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வண்டி போன பிறகும் அவள் பிளாட்பாரத்தைவிட்டு நகரவில்லை.

"திரும்பி வருமா நைனா?"

"வராது."

"ஏன் அனுப்பிட்டாங்க?"

"இப்பத்தான் ஆடாம நிக்குதே. அதான் அனுப்பிட்டாங்க."

யோசித்துச் சொன்னதல்ல. அன்றைக்கு என் வாயில் வந்த மற்ற பேச்சைப் போல அதுவும் வந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா வந்து இறங்கினாள். சாயங்காலம் ஐந்து மணி வண்டிக்குப் பிள்ளையோடு திரும்புவதாகத் திட்டம். வந்தவுடன் பாஞ்சாலியின் பாவாடை சட்டையை மூட்டை கட்டி வாசற்படி அருகில் வைத்துவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனாள்.

"இன்னும் தலைய அவுக்கலியா? ஜல்தி ஆவட்டும்டா, பேஜாரு பண்ணாத. இல்லன்னா நான் வந்து புடிச்சிக்கிறேன்" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"வேணாங்க்கா. நான் பாத்துக்கறேன்."

எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். பாஞ்சாலி தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு தானாக வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தை நேராக வைத்துக்கொண்டாள். பின்னலைக் கையில் எடுத்தேன். அசையவில்லை. நாடாவை அவிழ்த்தேன். சிவப்பெல்லாம் போய்ச் சாணி நிறத்தில் இருந்தது. அதற்கும் அசையவில்லை. நுனியில் எண்ணெய் தடவி முதல் சிக்கில் சீப்பை வைத்தேன். இழுத்திருக்கும், வலித்திருக்கும். சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

நல்ல வேலைக்காரன்தான் நான் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போது அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நான் ஆடாமத்தான் உக்காந்துக்கினு இருக்கேன் நைனா. எப்ப அனுப்புவ?"

அந்தக் குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். அது என்னுடைய குரல். மூன்று மாதமாக எல்லோரிடமும் சரி, சரி என்று நான் சொல்லி வந்த அதே குரல் ஆறு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்சவள்ளி போனபோதுகூட எனக்கு அப்படிப் பயமாக இல்லை.

"ஆடு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை.

"ஆடும்மா. உன் இஷ்டத்துக்கு ஆடு. கடிக்கணும்னா கடி. உன்ன யாரும் எங்கியும் அனுப்பல."

கொஞ்ச நேரம் அவள் அப்படியே இருந்தாள். பிறகு தோள் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் முதுகு. அப்புறம் உடம்பு முழுவதும் ஆட ஆரம்பித்தது. வாயைத் திறந்து "அம்மா" என்று ஒரு கத்துக் கத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள்.

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாடா பண்ண புள்ளய?"

"அவ வரலைக்கா."

"அன்னிக்கு சரின்னு சொன்னியேடா?"

"சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன்."

"இந்தத் தலைய வெச்சிக்கினா?"

"இந்தத் தலைய வெச்சிக்கினுதான். அவளா அவுக்கச் சொல்றப்ப அவுத்துக்கலாம்."

அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாஞ்சாலி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். நான் நாடாவைத் தேடி எடுத்து, பின்னல் நுனியில் திரும்பக் கட்டப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் தலை பார்த்த கைக்கு ஒரு முடிச்சுப் போட வரவில்லை. நழுவி நழுவிப் போயிற்று. கண்ணில் தண்ணீர் நிறைந்து எனக்கு முடிச்சே தெரியவில்லை. அம்சவள்ளி, இதை எப்படிக் கட்டுவாய் என்று வாய்விட்டுக் கேட்டேன்.