ஒரு டி.சி.யும் இரண்டு பாராட்டு விழாவும்

டி.சி. என்று எல்லோரும் சொல்லும் மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு விசேஷம் உண்டு. மதிப்பெண் பட்டியலை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். டி.சி.யை அப்படிச் செய்ய முடியாது. கல்லூரி கேட்பது அசலை, அசல் ஒன்றே ஒன்று. அதை எந்த ஜன்னலுக்குள் நீட்டுகிறோமோ அதுதான் நம் கல்லூரி. ஒரே ஆள் இரண்டு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க யாரோ யோசித்துப் போட்ட பூட்டு அது.

கயலின் கையில் ஒரு டி.சி. இருந்தது. இடமோ இரண்டு கிடைத்திருந்தது, இரண்டும் பி.எஸ்சி. இயற்பியல். ஒன்று, கடற்கரைச் சாலையில் இருக்கும் அரசு மகளிர் கல்லூரி. ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்த தோழி தபஸ்ஸும் அங்கே வேதியியலில் சேர்ந்துவிட்டாள். இன்னொன்று, ராயப்பேட்டையில் சேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் கிளாவர் கல்லூரி, மதிய ஷிப்ட். இரண்டுக்குமே வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிதான் கெடு. திங்கட்கிழமை காலை அவள் கிளாவரின் உதவி மேஜை முன்னால் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் சித்தார்த்தன். வரலாறு, மூன்றாம் ஆண்டு. பதில் சொல்வதில் அவனுக்கு அலுப்பே இல்லை.

"இங்க எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுவாங்களாண்ணா?"

"கிளாஸ்ல இங்கிலீஷ். கேன்டீன்ல தமிழ். பரீட்சை அன்னைக்கு எந்த பாஷையும் வராது."

"எதிர்வீட்டுப் பெரியம்மா, ஃபாதருங்க காலேஜ்னா மதம் மாத்திடுவாங்கன்னு சொல்றாங்க."

"நானும் மூணு வருஷமா இருக்கேன். ஹாஸ்டல் சாம்பாரையே யாராலயும் மாத்த முடியல."

கயல் சிரித்துவிட்டாள். ஆனாலும் குழப்பம் போகவில்லை. "எனக்கு ரெண்டு சீட்டு இருக்குண்ணா. எதுன்னு எப்படி முடிவு பண்றது?"

சித்தார்த்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலிருந்தது.

"இந்தச் சபையை ஆரம்பிச்ச இக்னேஷியஸ், மொதல்ல பட்டாளத்துக்காரர். பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் போச்சு, மாசக்கணக்கா படுக்கை. படுத்துக்கிட்டே ரெண்டு விதமா கனவு காணுவாராம். அரண்மனை, சண்டை, புகழ்னு ஒண்ணு. அதை நினைக்கும்போது ஜோரா இருக்கும், முடிஞ்சதும் சப்புனு ஆயிடும். சாமிக்காக எல்லாத்தையும் விட்டுட்டு நடந்து போற மாதிரி இன்னொண்ணு. அதை நினைச்சு முடிச்ச அப்புறமும் சந்தோஷம் அப்படியே நிக்குமாம். எது நிக்குதுன்னு பாத்துத்தான் முடிவெடுத்தாரு. நீங்களும் செய்யுங்க. நாளைக்கு ஒரு நாள் முழுக்க இங்க சேந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருங்க. மறுநாள் அங்க சேந்தாச்சுன்னு இருங்க. எது நிக்குதோ அது."

கயலுக்கு இது பிடித்துப் போயிற்று. அது உபதேசமாக இல்லை, பரிசோதனையாக இருந்தது.

மந்தைவெளிக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. அன்று சாயங்காலமே வீட்டில் திட்டத்தை விளக்கினாள். அம்மா தேவானை தி.நகரில் ஆறு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறாள். அவளுக்கு இதெல்லாம் சுற்றி வளைப்பதாகப் பட்டது.

"மேல போறியா, கீழ போறியா, அத்தச் சொல்லு. கதவ மூடிக்கினு போய்க்கினே இருக்கலாம். நடுவுல நின்னா பின்னால வர்றவன் கத்துவான்."

அப்பா ரகுபதி மைக் செட் வைப்பவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் தேர், மாதா கோயில் தேர் எல்லாவற்றுக்கும் அவருடைய ஸ்பீக்கர்தான். அவருக்கு உடனே புரிந்தது.

"புது மண்டபத்துக்குப் போனா நான் இன்னா செய்வேன்? கையை ஒரு தட்டு தட்டுவேன். தட்டும்போது வர்ற சத்தம் முக்கியமில்ல. தட்டி முடிச்ச பின்னால எவ்ளோ நேரம் நிக்குதுன்னு கேப்பேன். அதானே இது?"

"அதேதாம்ப்பா! ஆனா நாளைக்கு நீங்களும் நான் சேந்துட்ட மாதிரியேதான் பேசணும்."

"யாரு கேட்டாலுமா?"

"யாரு கேட்டாலும்."

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று கயலுக்கு அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் கிளாவர் மாணவியாகவே பஸ் ஏறினாள். இயற்பியல் துறை இருக்கும் கட்டடத்தின் மாடிப்படி, வளைந்து வளைந்து மேலே போகிறது. நடுவில் கிணறு போல வெற்றிடம். அந்த வெற்றிடத்தில், கூரையிலிருந்து ஒரு கம்பி தொங்கியது. கம்பியின் நுனியில் தேங்காய் அளவு இரும்புக் குண்டு. அது அவசரமே இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அடியில் ஐந்தாறு மாணவர்கள் சத்தம் போட்டுச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பேராசிரியை ஷீலா, கையில் ஸ்டாப்வாட்சோடு.

ஊசலில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. குண்டு கனமா லேசா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒரு முறை போய்வர எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பது கம்பியின் நீளம்தான். ஆகவே டேப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாம். கீழே நின்று நேரத்தைப் பார்த்தாலே நீளம் தெரிந்துவிடும். கயல் தன் வாட்சைப் பார்த்தாள். இருபது ஆட்டத்தை எண்ணினாள். நூற்று நாற்பது விநாடி. ஒரு ஆட்டத்துக்கு ஏழு. உதடு அசைய மனக்கணக்குப் போட்டாள்.

"நாப்பது அடி," என்றாள், தன்னை மறந்து.

சண்டை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியா, அவங்களுக்கும் நாப்பது!" என்று ஒருவன் கத்தினான்.

"டேப்ல நாப்பத்தொண்ணுடா! நானே பிடிச்சேன்!" என்றாள் இன்னொருத்தி.

"யாரும்மா நீ? ஃபர்ஸ்ட் இயரா?" என்றார் ஷீலா.

இன்று அவள் கிளாவர்காரி அல்லவா? "ஆமா மேம்," என்றாள். பிறகு, "அந்த ஒரு அடி எங்க மேம் போச்சு?"

கயல் அஞ்சியது, இங்கிலீஷில் நீளமாக ஒரு பதில் வரும் என்று. ஷீலா தலையைச் சொறிந்தார்.

"தெரியலையே. மூணு நாளா மண்டைய உடைச்சிக்கறோம். உனக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா வந்து சொல்லு. முதல்ல கண்டுபிடிக்கிறவங்களுக்கு சமோசா."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு அடி அவள் கூடவே வந்தது. குடியிருப்பு வாசலில்தான் அது சட்டென்று மறந்துபோனது. ஏனென்றால் அங்கே அவளே நின்றுகொண்டிருந்தாள், எட்டு அடி உயரத்தில், ஃப்ளெக்ஸ் பேனரில். பள்ளி அடையாள அட்டையில் இருந்த, தூக்கக் கலக்கமான அதே படம். மேலே: 'கிளாவர் கல்லூரியில் காலடி எடுத்து வைக்கும் எங்கள் பிளாக்கின் விஞ்ஞானி!' கீழே, கைகூப்பிய நிலையில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். பக்கத்தில் அப்பாவின் ஸ்பீக்கர் இரண்டு.

"இன்னாப்பா இது?"

ரகுபதி கையிலிருந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "பீர் போன் பண்ணி, 'பாப்பா இன்னாச்சு நைனா'ன்னு கேட்டான். நீதானே சொன்ன, யாரு கேட்டாலும்னு. சேந்துட்டாள்னு சொன்னேன்."

அவருடைய கூட்டாளி பீர் முஹம்மது ஐஸ் ஹவுஸ் பக்கம் ஃப்ளெக்ஸ் அச்சடிப்பவர். காதில் நல்ல செய்தி விழுந்தால் கை சும்மா இருக்காது. பேனர் பக்கத்திலேயே நின்றிருந்த அவரிடம் கயல் ஓடினாள்.

"மாமா, அது சும்மா! ஒரு நாளைக்குச் சும்மா நெனைச்சுப் பாக்கறது!"

"சும்மாவா? எட்டுக்கு ஆறும்மா இது! கயிறு கட்ட ஓரத்துக்கு ஐலெட் வளையம் வேற அடிச்சிக்கீறேன்!"

அதற்குள் பிளாக் சங்கத் தலைவர் அம்மாசி மைக்கைப் பிடித்துவிட்டார். தேவானை அண்டாவில் கேசரி கிளறிவிட்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவே இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு, "ஃபாதருங்க நல்லா படிக்க வைப்பாங்கோ," என்று ஆசீர்வதித்தாள். கயலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுதான் சிக்கல். இந்தச் சந்தோஷம் கிளாவரால் வந்ததா, கேசரியால் வந்ததா?

அவள் மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் நன்றி. ஆனா சோதனை கெட்டுப்போச்சு. ஒரு செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டு, இன்னொரு செடி ஏன் வாடுதுன்னு கேக்கலாமா? இன்னிக்கு கிளாவருக்கு செஞ்சதெல்லாம் நாளைக்கு இன்னொரு காலேஜுக்கும் செய்யணும். அப்பதான் கணக்கு சரியா வரும்."

கூட்டத்தில் தலைகள் ஆடின.

"நியாயம்னா நியாயம்தான்," என்றார் அம்மாசி. "கேசரி?"

"அதே கேசரி."

"அப்ப நடத்திடலாம்!"

புதன்கிழமை கயல் அரசு மகளிர் கல்லூரி மாணவி. காலையில் தபஸ்ஸும் அவளைக் கல்லூரிக்குள் அழைத்துப்போனாள். பெரிய பெரிய மரங்கள். வகுப்பறைக்கே கடல் காற்று வந்தது. வாசலில் ஒரு அக்கா இருவரையும் பார்த்து, "ரெட்டைப் பிறவியா?" என்று கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இருவரும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். மூன்று வருடமும் இப்படியே இருக்கும் என்றாள் தபஸ்ஸும். கயலும் ஆமாம் என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

சாயங்காலம் விழா. பீர் முஹம்மது கல்லூரிப் பெயரை மட்டும் தனியாக அச்சடித்து, பழைய பெயர் மேல் கச்சிதமாக ஒட்டியிருந்தார். அம்மாசி நேற்றைய பேச்சையே மறுபடி பேசினார்.

"கிளாவர் கல்லூரிக்கு... சீ, இன்னிக்கு வேறயில்ல... கடற்கரை காலேஜுக்குப் பெருமை சேர்க்கப் போற நம்ம கயலு..." என்றதும் கைதட்டல் நேற்றைவிடப் பலமாக எழுந்தது.

கயல் முதல் வரிசையில், தபஸ்ஸுமின் தோளில் சாய்ந்தபடி, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு மேல் ஒரு பல்பு தொங்கியது. அப்பா அதன் வயரைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, பிறகு ஒரு முழம் கீழே இருந்த வளையத்துக்குள் நுழைத்து இறக்கியிருந்தார். காற்றில் பல்பு ஆடியது. வயர் கட்டியிருப்பது உச்சியில். ஆனால் ஆடுவது அங்கிருந்தல்ல. வளையத்துக்கு மேலே இருந்த வயர் அசையவே இல்லை. வளையத்துக்குக் கீழே இருப்பதுதான் ஆடியது.

"பைப்பு!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள் கயல்.

அம்மாசி பேச்சை நிறுத்தினார்.

"தபஸு, அந்தக் குண்டோட கம்பிய மேல ஏதோ பைப்புக்குள்ள விட்டிருக்காங்கடி! டேப்பை கம்பி மாட்டியிருக்கற கொக்கியிலேர்ந்து பிடிச்சாங்க. ஆனா கம்பி ஆடறது பைப்பு வாயிலேர்ந்து! கடிகாரத்துக்கு ஆடற கம்பிதான் தெரியும், ஆடாதது தெரியாது. அந்த ஒரு அடி எங்கயும் போகல, பைப்புக்குள்ள சும்மா நிக்குது!"

தபஸ்ஸும் அவளையே பார்த்தாள். "இன்னிக்கு யாரு காலேஜ் நாளு?"

"உன்னுது."

"அப்புறம் எதுக்குடி அவங்க குண்டப் பத்திக் கத்தறே?"

கேசரி ஒன்றுதான், பேனர் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். சமமாக இருந்ததையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது எது என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது. கயலின் கண் கலங்கியது.

"லூசு, எதுக்கு அழுற?" தபஸ்ஸும் அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "காலையில சுண்டல் திங்கும்போதே மணல்ல நீ ஊசல்தான் வரைஞ்சிட்டிருந்த. நான் பாக்கலன்னு நினைச்சியா? போய்ச் சேரு. சனிக்கிழமை சனிக்கிழமை பீச்சுக்கு வரலைன்னா, அந்தக் குண்டாலயே அடிப்பேன்."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு கயல் அந்த ஒரே டி.சி.யை கிளாவரின் ஜன்னலுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். திரும்பினால் உதவி மேஜையில் சித்தார்த்தன்.

"வந்துட்டீங்களா! ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அதைத் தனியா, யார்கிட்டயும் சொல்லாம, அமைதியா உக்காந்து செய்யணும். அப்படித்தான செஞ்சீங்க?"

"ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு செஞ்சோம்ணா," என்றாள் கயல்.

அவன் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மாடிப்படியைப் பார்த்து ஓடினாள்.

அரை மணி நேரத்தில் ஷீலாவும் ஆறு மாணவர்களும் கயலும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். கொக்கி இருந்தது. கொக்கியில் கம்பி இருந்தது. கம்பி ஒரு குட்டி இரும்புப் பைப்புக்குள் நுழைந்து கீழே இறங்கியது. பரணே அதிரும்படி கத்தினார்கள். ஷீலா பைப்பின்மேல் டேப்பை வைத்தார்.

"பதினொண்ணரை அங்குலம்! யாராவது போய் சமோசா சொல்லுங்கடா!"

யாரும் நகரவில்லை. கயல் டேப்பைக் குனிந்து பார்த்தாள்.

"மேம், ஒரு அடின்னா பன்னெண்டு. மீதி அரை அங்குலம்?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.