நடு வரப்பு

பாடை கட்டத் திரித்து வைத்திருந்த வைக்கோல் பிரியை உருவிக்கொண்டு ஏகாம்பரம் கழனிக்குள் இறங்கினான். வாசலில் கிடத்தியிருந்த அப்பாவின் முகத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மலர்க்கொடி எழுந்து அண்ணன் பின்னால் ஓடினாள்.

ஆண் பிள்ளைகள் இருவருக்கும் நிலம் பிரித்தபோது அப்பா மூன்று வரப்புகளையும் ஒரே இடைவெளியில் நேராக இழுத்திருந்தார். ஒரு பட்டை ஏகாம்பரத்துக்கு, அடுத்தது சின்னவன் வேதகிரிக்கு. சுடுகாட்டு வழி இரண்டையும் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். அவர் படுக்கையில் விழுந்த இந்தப் போகம், வழியின் மேலேயே பெரியவன் ஐ.ஆர்.எட்டு நெல் நட்டான். அண்ணன் நட்டான் என்று தம்பியும் நட்டான்.

"பயிர அழிச்சு வழி வுட்டா எனக்குத்தான் நட்டம். என் கழனிலதான் வழி நீளமா போவுது. பிரி எவ்ளோ வந்துக்கீது பாரு," என்றான் ஏகாம்பரம். பிறகு தம்பியின் பட்டையில் பிரியை நீட்டினான். "இங்க இன்னா கீது? கொஞ்சூண்டு."

"உன்னுதுல சாய்ச்சுப் புடிச்ச, அதுல நேரா புடிக்கிறியேண்ணா," என்றாள் மலர்க்கொடி. "இந்த வரப்ப எந்தச் சாய்ப்புல வழி வெட்டுதோ, அதே சாய்ப்புலதான் அந்த வரப்பையும் வெட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே நட்டந்தான்."

"எட்டாங் கிளாசு பேசுதுடா! கட்டிக் குட்த்தாச்சில்ல, உன் வூட்டுக் கணக்கப் போய்ப் பாரு."

"அப்போ அவரு மொதல்ல வழிய வுடட்டும்," என்றான் தன் பட்டையில் நின்றிருந்த வேதகிரி.

"நைனா வெயில்ல கெடக்குறாரு," என்றாள் மலர்க்கொடி.

கடைசியில் வேதகிரிதான் சொன்னான்: "யாருக்கும் நட்டம் வாணாம். நடு வரப்பு மேலயே தூக்கிக்கினு போயிடலாம்."

பெரியவன் தலையாட்டினான். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது அதற்குத்தான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நடு வரப்பு ஓர் ஆள் நடக்கும் அகலம். பாடையைத் தூக்கியவர்கள் இரண்டு பக்கமும் சேற்றில் இறங்கித்தான் நடந்தார்கள், வரப்பு முழுக்க. நாற்று மசிந்தது. கோடியில் திரும்பும்போது பாடை சாய்ந்து அப்பாவின் கால் வெளியே தொங்கியது. யாரோ உள்ளே தள்ளினார்கள்.

ஏரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு இருவரும் திரும்பினார்கள். ஏகாம்பரம் தன் பக்கம் குனிந்து, சாய்ந்த நாற்றை நிமிர்த்தி ஊன்றினான். அந்தப் பக்கம் வேதகிரியும் குனிந்தான். முதுகுக்கு முதுகு. சுடுகாட்டுப் புகையை இருவரும் பார்க்கவில்லை.

நடு வரப்பில் இறைந்து கிடந்த பொரியை மைனாக்கள் கொத்திக்கொண்டிருந்தன.